குரல் வேண்டும், முகம் வேண்டாம்

1961 டிசம்பரில் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு ‘பிளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’. பாடியவர்கள் மார்வலெட்ஸ் குழுவின் கறுப்பினப் பெண்கள். வெளியிட்டது, கறுப்பினத்தவரான பெர்ரி கோர்டி 1959இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய மோட்டவுன் நிறுவனம். ஆயினும் அவர்களது இசைத்தட்டின் உறையில் இருந்தது அஞ்சல்பெட்டிப் படம். கறுப்பு முகத்தைக் கண்டால் வெள்ளையர் வாங்கமாட்டார்கள் என்பது அன்றைய சந்தைக் கணக்கு.

குத்துக்கல்வலசையில் கூடியுள்ள நமக்கு இக்கணக்கு புதிதல்ல. சாமி புறப்படப் பறை வேண்டும். பறையடித்தவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதை ஊருக்கு ஊர் கண்டவர்கள் நாம். கம்பெனி நம்முடையதானாலும் சந்தை நம்முடையதல்ல என்பதே மோட்டவுன் தரும் பாடம். ஆகவே, நம் கலைஞர்களின் பாட்டைத் தொகுக்கையில் பெயரையும் படத்தையும் சேர்த்தே அச்சிடுவோம்.