பால்வாடிப் பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்துக்கான தாளை எடுத்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது 15,06,843 என்ற மொத்தத்தை. இல்லையென்றால் 68.54 சதவீத எழுத்தறிவை. அது மாநிலத்திலேயே கடைசி. நான் பார்ப்பது 0–6 வயது என்ற சின்ன வரி. அதில் 1,67,940 பிள்ளைகள்.

இண்டூர்க்காரன் எனக்கு இந்த வரி ஏன் முக்கியம்? பால்வாடிக்குப் போகிற, போக வேண்டிய, போகாத பிள்ளைகள் எல்லோரும் இதற்குள்தான் இருக்கிறார்கள். கணக்கெடுப்பில் 0–6 என்றால் 7 வயது முடியாதவர்கள், அதாவது ஏழு வயதுப் படிகள். 7-ஆல் வகுத்தால் ஒரு படிக்குச் சுமார் 24,000. 3, 4, 5 வயதுப் பிள்ளைகள் மட்டும் என்றால் தோராயமாக 72,000 பேர். முன்பள்ளி பற்றிப் பேசும்போது மாவட்டத்தில் நாம் பேசுவது இவர்களைப் பற்றித்தான்.

அதே வரியை இரண்டாகப் பிரித்தால் ஆண் 87,777, பெண் 80,163. ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 913 பெண் பிள்ளைகள். மாநிலச் சராசரி 943. இயல்பாக 950 இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 83,388 பெண் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். 3,225 பேர் குறைகிறார்கள். இவர்கள் பால்வாடியை விட்டு நின்றவர்கள் இல்லை, பதிவேட்டுக்கே வராதவர்கள். இதுகூட முன்னேற்றம்தான், 2001-இல் இந்த விகிதம் 826. (2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்ததால் 2001 தொகுதியில் இருக்கும் தருமபுரி வேறு, பெரிய மாவட்டம். 826 என்பது இன்றைய எல்லைக்குத் திருப்பிப் போட்ட கணக்கு. இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒப்பிட்டு எழுதியவர்கள் நிறைய.) 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தருமபுரிக்கும் ஏன் வந்தது என்பதற்கு இந்த எண் போதும்.

சரி, பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வருவோம். ‘பால்வாடி’ என்றதும் நமக்குப் பால் ஞாபகம் வருகிறது. சொல் குஜராத்தி, மராத்திப் பக்கத்துச் சொல். பால் என்றால் குழந்தை, வாடி என்றால் தோட்டம். தாராபாய் மோடக் 1945-இல் போர்டி என்ற ஊரில் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வேலையோடு சேர்ந்த சொல் இது. பாட்டும் கதையும் மண்ணும் இலையுமாக, அது கல்விக்கான இடமாகவே பிறந்தது.

தமிழ்நாட்டில் அதே பெயர் வேறு வேலைக்குப் போனது. 1980-இல் உலக வங்கிக் கடனில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் கவனம் 6 முதல் 36 மாதக் குழந்தைகள் மேல். மாதாமாதம் எடை போடு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடு, ஏறியதும் நிறுத்து. பொறியாளன் கண்ணுக்கு அழகான திட்டம். அளந்து, திருத்தி, மறுபடி அளக்கிறது. ஆனால் அதில் பாடம் கிடையாது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தபோது கிராமத்தில் 2 வயதுப் பிள்ளைகூடத் தட்டோடு உட்கார்ந்தது. இரண்டும் பசியை எதிர்த்து வந்தவை, பெரிய வேலை செய்தவை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அங்கிருந்து வந்த விளைவு ஒன்று உண்டு. மையத்தின் பதிவேடு தராசையும் அடுப்பையும் சுற்றி அமைந்தது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள், யார் எடை குறைவு என்பது அதில் கச்சிதமாக இருக்கும். கதை கேட்ட பிள்ளை அதைத் திருப்பிச் சொல்கிறதா என்பதற்கு அந்த அளவு இடம் இல்லை. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்று நல்ல பாடத்திட்டமே பிறகு வந்தது. ஆனால் சமையல், எடை, வீடு வீடாகப் போவது, கணக்கு எழுதுவது எல்லாம் முடிந்த பிறகுதான் பாட்டு.

பெற்றோரின் அளவுகோல் வேறு. இண்டூர் ஆயாம்மா ஒருவர் என்னிடம் சொன்னது: “3 வயசுல எங்ககிட்ட வுடுவாங்க சார். 4 வயசானா வேன் வந்துரும்.” வேன் என்றால் எல்.கே.ஜி. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களும் தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யிலேயே தொடங்குகின்றன, கட்டணம் அரசு தருகிறது. ஒரு கையில் பால்வாடி, மறு கையில் வேன்.

வேன் ஏறாதவர்கள் யார்? பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பா அம்மா, பாட்டியிடம் விட்டுப்போன பிள்ளை. அல்லது கூடவே போய்ப் பாதி வருடம் காணாமல் போகிற பிள்ளை. இந்தப் பிள்ளையையும் வேன் பிள்ளையையும் ஒன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார வைத்து, பால்வாடி சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னால், நாம் அளந்தது பால்வாடியை இல்லை, வீட்டை.

இதைச் சரியாகச் செய்த ஊர் ஒன்று உண்டு, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி. 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வில் 123 ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தார்கள்; 58 பேருக்கு முன்பள்ளி, மற்றவர்களுக்கு இல்லை. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் வந்த ஏற்றம் சில வருடங்களில் கரைந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் தோல்வி என்று கோப்பை மூடியிருப்பார்கள். 40 வயதுவரை பின்தொடர்ந்ததால்தான் வேலை, வருமானம், சிறை போகாமை எல்லாவற்றிலும் வித்தியாசம் தெரிந்தது.

நம் ஊரில் அரசு முயற்சி 2019 ஜனவரி 21-இல் வந்தது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. மாநிலத்தில் மொத்தம் 54,439 மையங்கள். நூற்றுக்கு 4 சொச்சம்தான். இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள், 2022-இல் திரும்ப அழைத்தார்கள். வகுப்புகளை மூடப்போவதாகப் பேச்சு வந்து எதிர்ப்பு கிளம்பியதும், 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்துத் தொடர்ந்தார்கள். மூன்றே வருடத்தில் இத்தனை திருப்பம். 40 வருடம் பின்தொடர்வது இருக்கட்டும், ஒரே டீச்சர் ஒரே வகுப்பில் நிலையாக இருந்தாலே ஏதாவது அளந்திருக்கலாம்.

அடுத்த கணக்கெடுப்பு 2027-இல். அதில் தருமபுரியின் 0–6 வரி சுருங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன், பிறப்பு குறைந்துகொண்டே வருகிறது. அப்போது மையத்தில் ஆள் குறைவு என்ற பேச்சு கட்டாயம் எழும். ஆள் குறைந்தது பிறக்காததாலா, வேன் ஏறியதாலா, பெங்களூர் போனதாலா என்று மூன்று பத்தியாகப் பிரித்து எழுத இன்றைய பதிவேட்டில் ஒரு கோடு போட்டால் போதும். 2011-இல் கைக்குழந்தையாக எண்ணப்பட்டவர்கள் இப்போது பத்தாம் வகுப்பைத் தொட்டுவிட்டார்கள்.