மூலக் கோப்பு முறைமையின் ஏற்றத் தெரிவுகள்

மூலக் கோப்பு முறைமையின் ஏற்றத் தெரிவுகள் என்பன, லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்டுள்ள வட்டுப் பிரிவைக் கணினி எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதை வரையறுக்கும் அமைப்புகள் ஆகும். வட்டுப் பிரிவொன்றை அடைவு மரத்துடன் இணைக்கும் செயல் ஏற்றம் அல்லது மவுண்ட் எனப்படுகிறது.

ஏற்றம் நடைபெறும் முறை

கணினி தொடங்கும்போது மூலப் பிரிவு பொதுவாக முதலில் படிக்க மட்டும் என்ற நிலையில் ஏற்றப்படும். கோப்பு முறைமை சோதிக்கப்பட்ட பின்னர், இடிசி அடைவில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பின்படி எழுதத்தக்க நிலைக்கு மாற்றப்படும். அக்கோப்பின் ஒவ்வொரு வரியிலும் ஆறு புலங்கள் உள்ளன. நான்காவது புலத்தில் தெரிவுகள் இடம்பெறுகின்றன. ஆறாவது புலம் சோதனை வரிசையைக் குறிக்கும். மூலப் பிரிவுக்கு இதன் மதிப்பு 1 ஆக இருத்தல் வேண்டும்.

முக்கியத் தெரிவுகள்

* ஆர்ஓ - படிக்க மட்டும்.
* ஆர்டபிள்யூ - படிக்கவும் எழுதவும்.
* நோஏடைம் - கோப்பு படிக்கப்பட்ட நேரத்தைப் பதியாது. இதனால் வட்டில் எழுதும் வேலை குறையும். 2009 இல் வெளியான 2.6.30 கருனி முதல், இந்நேரத்தைத் தேவையானபோது மட்டும் பதியும் ரெல்ஏடைம் இயல்பிருப்பாக உள்ளது.
* எரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ - கோப்பு முறைமையில் பிழை தென்பட்டால் எழுதுவதை நிறுத்தும்.

படிக்க மட்டும் நிலையில் சிக்குதல்

மூலப் பிரிவில் திடீரென எதையும் சேமிக்க இயலாமற்போவதற்குப் பொதுவாக இரு காரணங்கள் உண்டு. ஒன்று, எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள எழுத்துப்பிழை. மற்றொன்று, வட்டிலோ கோப்பு முறைமையிலோ ஏற்பட்ட பழுது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும் தீர்வுகள் வேறானவை.

பழைய வழங்கல்களில் மவுண்ட் கட்டளை முந்தைய நிலையையே காட்டக்கூடும். புரோக் அடைவில் உள்ள மவுண்ட்ஸ் கோப்பே உண்மை நிலையைக் காட்டும். அடுத்து, கருனியின் செய்திகளை டிமெசேஜ் கட்டளை மூலம் பார்க்க வேண்டும்.

* வட்டுப் பிழை எதுவும் பதிவாகாமல் எழுத்துப்பிழை மட்டும் இருந்தால், ரீமவுண்ட் தெரிவைக் கொண்டு எழுதத்தக்க நிலைக்கு மாற்றிக் கோப்பைத் திருத்தலாம்.
* வட்டுப் பிழைகள் பதிவாகியிருந்தால் கட்டாயப்படுத்தி எழுதக்கூடாது. நேரடி வட்டு அல்லது யூஎஸ்பி மூலம் கணினியைத் தொடங்கி, முதலில் தரவுகளை வேறிடத்தில் நகலெடுக்க வேண்டும். அதன் பின்னரே, ஏற்றப்படாத நிலையில் உள்ள அப்பிரிவை எஃப்எஸ்சிகே கொண்டு சரிசெய்ய வேண்டும். பழுதடைந்துவரும் வட்டில் இவ்வரிசை மாறினால், மீட்டிருக்கக்கூடிய கோப்புகளும் அழியக்கூடும்.

ஆகவே படிக்க மட்டும் நிலை பல நேரங்களில் கோளாறு அன்று. தரவுகளைக் காக்கும் ஏற்பாடே ஆகும்.

தமிழ்நாட்டில்

சி-டாக் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியனின் நிறுவி, எக்ஸ்ட் வகை மூலப் பிரிவுக்கு எரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ தெரிவைத் தானே சேர்க்கிறது. 2011 இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவி வழங்கப்பட்டது. 2012 இல் மாநிலத்தில் மின்பற்றாக்குறை கடுமையாக இருந்தது. திருவையாறு உள்ளிட்ட காவிரிப் படுகை ஊர்களும் நீண்ட மின்வெட்டுகளுக்கு உள்ளாயின. மின்கலம் வலுவிழந்த மடிக்கணினியும் தடையில்லா மின்வழங்கி இல்லாத மேசைக் கணினியும் மின்வெட்டின்போது முறைப்படி நிறுத்தப்படாமலே அணைந்துவிடும். எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 முறைமைகள் ஜர்னல் எனும் மாற்றப் பதிவேட்டின் உதவியால் இத்தகைய நிறுத்தங்களிலிருந்து பெரும்பாலும் மீள்கின்றன. எனினும் கடைசியாகச் சேமித்தவை இழக்கப்படலாம் என்பதால், காப்பு நகல் வைத்திருப்பது இன்றியமையாதது.