குளிர்நாட்டில் வெப்பநாட்டுப் பூக்கள்

இங்கிலாந்திலுள்ள நம்மவர் பலரின் வீடுகளில் ஒரு மல்லிகைச் சாடியைக் காணலாம். குளிருமே என்று இரங்கி மாரிகாலத்தில் அதைக் கணப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள். தை பிறக்குமுன் இலைகள் உதிரத் தொடங்கிவிடும். அநேகமாகக் குற்றவாளி குளிரன்று. கணப்பின் வறண்ட சூடு. அன்பு மிகுதியால் செடியைக் கொல்லும் இவ்வழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று.

1818ஆம் ஆண்டில், இலண்டனுக்கு வடக்கேயுள்ள பார்னெட்டில், வில்லியம் கட்லி என்னும் வணிகரின் கண்ணாடி வீட்டில் பிரேசில் நாட்டு ஓர்க்கிட் ஒன்று பூத்தது. தாவரவியலாளர் ஜோன் லிண்ட்லி அதற்குக் கட்லியா என்று பெயரிட்டார். செல்வந்தரை ஓர்க்கிட் மோகம் பிடித்தது. வெப்பமண்டலச் செடி என்றால் வெப்பம்தான் வேண்டும் என்பது அன்றைய முடிபு. கடும் சூடு, மிகுந்த ஈரம், நிழல் என்று 1830இல் லிண்ட்லியும் அவ்வாறே விதித்தார். காற்றுப் புகாத அறைகளில் இரவும் பகலும் நிலக்கரி எரிந்தது. ஆயிரக்கணக்கான மைல் கடல் கடந்து வந்த செடிகள் அங்கே வெந்து மடிந்தன. நோயாளியைப் பாராமல் நோயின் பெயருக்கு மருந்து கொடுத்தது போலாயிற்று.

வெப்பமண்டலத்திலும் மலைகள் உண்டு. ஊட்டியிலும் நுவரெலியாவிலும் உறைபனி விழுவதை நாம் அறிவோம். கொலம்பியாவின் அந்தீஸ் மலைகளில், ஏழாயிரம் அடிக்கு மேலும் வளரும் ஒடொன்ரோகுளோசம் என்ற ஓர்க்கிட்டுக்கு இங்கிலாந்தின் கோடை வெயிலே சற்று அதிகம். அது அறியப்படுமுன் எத்தனையோ செடிகள் அழிந்தன. அவற்றை எடுப்பதற்காக அம்மலைக்காடுகளில் மரங்களையே வெட்டி வீழ்த்தினார்கள் என்பது வேதனைக்குரிய செய்தி.

மாற்றம் படித்தவர்களிடமிருந்து வரவில்லை. வென்ற்வேர்த் மாளிகையின் தோட்டக்காரர் ஜோசப் கூப்பர் 1830களில் சூட்டைக் குறைத்து வெளிக்காற்றை உள்ளே விட்டார், செடிகள் செழித்தன. டாபிஷயரில் சற்ஸ்வேர்த் மாளிகையின் ஜோசப் பாக்ஸ்ரனும் அவ்வழியையே கைக்கொண்டார். பாக்ஸ்ரன் பெரிய கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். ஆயினும் ஒவ்வொரு செடியும் பிறந்த இடம் எது என்று கேட்டு, அதற்கேற்ற அறை அமைத்தார். அமேசன் ஆற்றின் பேரல்லிக்கு மட்டும் உண்மையாகவே சூடு வேண்டியிருந்தது. அதற்கு வெந்நீர்க் குழாய்களால் சூடேற்றிய தடாகமும், நீரை அசைத்துக்கொண்டிருக்க ஒரு சிறு சக்கரமும் செய்தார். 1849 நவம்பரில் அது பூத்தது. அவருடைய சிறுமகள் அதன் இலைமேல் ஏறி நின்றாள்.

இவ்வளவும் நிலக்கரியை நம்பியிருந்தது. முதல் உலகப் போரில் நிலக்கரி தட்டுப்பட்டபோது, 1840இல் கட்டி முடிக்கப்பட்ட சற்ஸ்வேர்த்தின் பெரிய கண்ணாடி வீடு சூடின்றிக் கிடந்தது. உள்ளிருந்த செடிகள் பட்டுப்போயின. 1920இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அது நின்ற இடத்தில் இன்று வேலிச்செடிகளாலான ஒரு சுற்றுவழித் தோட்டம் இருக்கிறது. பழைய அடிச்சுவர்களையும் அங்கே காணலாம்.