தேயாத செம்புக் காசு

நாணய ஏலப் பட்டியல்களை வாசிப்பது எனக்கொரு பழக்கமாகிவிட்டது. வாங்குவதற்கல்ல, அதற்கெல்லாம் கையில் ஏது காசு? சேகரிப்பாளர்களின் விதி எளிமையானது: தேயாத காசுக்கே விலை. எத்தனை கைகள் பட்டனவோ அந்த அளவுக்கு மதிப்புக் குறைவு. 1723ஆம் ஆண்டின் அயர்லாந்து அரைப்பென்னி ஒன்றைப் படத்தில் பார்த்தபோது இந்த விதி இடறியது. ஒருபுறம் முதலாம் ஜார்ஜின் தலை. மறுபுறம் ஹிபர்னியா என்னும் அயர்லாந்துப் பெண், யாழோடு அமர்ந்திருக்கிறாள். பட்டியல் தேய்மானமின்மையை மெச்சுகிறது. இந்தக் காசை அயர்லாந்து தொட மறுத்தது என்பது அதற்குப் பொருட்டில்லை.

1722இல் வில்லியம் வுட் என்ற இங்கிலாந்து இரும்பு வியாபாரிக்கு 360 டன் செம்பைக் காசாக்கும் உரிமை கிடைத்தது. மன்னரின் ஆசைநாயகி கெண்டல் சீமாட்டிக்கு 10,000 பவுண்டு கொடுத்து வாங்கினார் என்று பேச்சு. டப்ளின் பாராளுமன்றத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கிலாந்தில் ஒரு ராத்தல் செம்புக்கு 46 அரைப்பென்னி, அயர்லாந்துக்கு 60.

1724இல் ஜோனதன் ஸ்விஃப்ட் துணிக்கடைக்காரர் வேஷத்தில் கடிதங்கள் எழுதினார். ஆசிரியரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு என்றது அரசு. ஊருக்கே தெரியும், ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அச்சிட்ட ஹார்டிங் கைதானார். 1725இல் உரிமை ரத்து. வுட்டுக்கு நஷ்டஈடு ஆண்டுக்கு 3,000 பவுண்டு, எட்டு ஆண்டுகளுக்கு!

செம்பு நல்ல செம்புதான் என்றது நியூட்டன் தலைமையிலிருந்த நாணயச்சாலை. சோதனைக்குக் காசைப் பொறுக்கிக் கொடுத்தது யார் என்று கேட்டார் துணிக்கடைக்காரர். ஸ்விஃப்ட் மிகைப்படுத்தினார், சந்தேகமில்லை. ஆனால் பிரச்சினை செம்பின் தரமல்ல, சம்மதம்.

யாருடைய சம்மதம்? இங்கேதான் நம் விமர்சகர்கள் ஸ்விஃப்டைச் சுலபமாகத் தேசிய நாயகனாக்கிவிடுகிறார்கள். மக்களில் பெரும்பான்மையான கத்தோலிக்கர் அந்தப் பாராளுமன்றத்தில் உட்காரவே முடியாது. அவர் வாதாடிய உரிமை முதலில் புராட்டஸ்டன்ட் கனவான்களுடையது. ஆனாலும் காசை மறுக்க வாக்குரிமை வேண்டியதில்லையே. சந்தையில் முட்டை விற்பவள் கையை மடக்கிக்கொண்டால் மன்னரின் முத்திரையும் செல்லாக்காசுதான். கடிதங்களுக்கு ஆசிரியர் உண்டு. அந்தக் கைகளுக்குப் பெயரில்லை.

மறுக்கப்பட்ட காசுகளில் ஒரு பகுதி அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கப்பலேறியது. அதனால்தான் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைத் தங்கள் காசு வரிசையில் வைக்கிறார்கள். அங்கே சில்லறைத் தட்டுப்பாடு. கைமாறிக் கைமாறி ஹிபர்னியாவின் முகம் மழுங்கிப்போன காசுகளும் உண்டு. பட்டியலில் அவை கடைசிப் பக்கத்தில், படமில்லாமல் வருகின்றன. எனக்கென்னவோ அவற்றையும் அந்தப் பளபளக்கும் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.