காசு வாங்காத சனிக்கிழமை

2024 ஒக்டோபரில் 'பார்க்ரன்' தொடங்கி இருபது வருசம் முடிந்தது. சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு பூங்காவில் 5 கிலோமீற்றர். ஓடலாம், நடக்கலாம், இரண்டையும் கலந்தும் போகலாம். கட்டணம் இல்லை. விசயம் இவ்வளவுதான். ஆனால் அந்தக் 'கட்டணம் இல்லை' எண்டதைக் காப்பாற்றப் பட்ட பாடுதான் இதன் உண்மையான வரலாறு.

2004 ஒக்டோபர் 2, லண்டனில் மான்கள் திரியும் புஷி பார்க். அங்க 13 பேர் ஓடினார்கள். கூட்டினவர் போல் சின்டன்-ஹியூவிட். ஓட்டக்காரர்தான், ஆனால் அந்த நேரம் காயத்தால் ஓட முடியாமல் இருந்தார், வேலையும் போயிருந்தது. நண்பர்களை விட்டுப் போகக்கூடாது எண்ட யோசனையில், அவர்கள் ஓட இவர் நேரம் குறித்தார். முடிந்தபிறகு எல்லாரும் சேர்ந்து கோப்பி குடித்தார்கள். முடிவுக்கோட்டில் ஆக்களுக்குக் குடுத்த வில்லைகள், இரும்புக்கடையில் வாங்கி இலக்கம் அடித்த வாசர்கள்.

2007இல் விம்பிள்டனில் இரண்டாவது இடம் தொடங்கியது. பிறகு டென்மார்க், அவுஸ்திரேலியா எண்டு பரவியது. தென்னாப்பிரிக்காவில் 2011இல் இதைத் தொடக்கி வைத்தவர் கொம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தை ஒன்பது தரம் வென்ற புரூஸ் ஃபோர்டைஸ். 2017இல் இங்கிலாந்தின் ஹேவரிக் சிறைச்சாலைக்குள்ளும் ஓட்டம் தொடங்கியது.

இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் இதன் எளிமை. ஒருமுறை பதிந்தால் ஒரு பார்கோட் கிடைக்கும். உலகத்தில் எந்தப் பார்க்ரனுக்கும் அது போதும். நேரம் எடுப்பது, வழி காட்டுவது எல்லாம் தொண்டர்கள். கடைசியாக வருவதற்கெண்டே ஒரு தொண்டர் இருப்பார். அதனால் வாற ஒருவரும் 'கடைசி ஆள்' இல்லை. 50, 100, 250 தரம் ஓடினவர்களுக்குத் தனி ரீசேட் உண்டு. எவ்வளவு வேகம் எண்டது கணக்கில்லை, எத்தனை தரம் வந்தாய் எண்டதுதான் கணக்கு. (முந்தி அந்தச் சட்டையும் சும்மா கிடைத்தது, இப்ப காசு குடுத்துத்தான் வாங்க வேணும்.)

சோதனை 2016இல் வந்தது. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் லிட்டில் ஸ்டோக் பூங்காவில் வாராவாரம் நூற்றுக்கணக்கில் ஆக்கள் ஓடினார்கள். பாதை தேயுது, பராமரிப்புச் செலவில் பங்கு தாங்கோ எண்டது உள்ளூர்ச் சபை. அந்தக் கேள்வியை முட்டாள்தனம் எண்டு தள்ள முடியாது. பூங்கா வானத்திலிருந்து விழவில்லை, ஆரோ வரி கட்டித்தான் அது பச்சையாக இருக்கு. ஆனால் ஒரு இடத்தில் காசு கட்டினால் மற்ற எல்லா இடத்திலும் கேட்பார்கள். பிறகு அந்தச் செலவு ஓடுகிறவர் தலையில்தான் வந்து விழும். பார்க்ரன் மறுத்தது. லிட்டில் ஸ்டோக் ஓட்டம் நிண்டுபோனது.

உண்மையில் 'இலவசம்' எண்டால் செலவு இல்லை எண்டு அர்த்தமில்லை. அனுசரணையாளர், லொத்தர் நிதி, தொண்டர்களின் விடியக்காலை எல்லாம் சேர்ந்துதான் அந்தச் செலவைத் தாங்குது. வாசலில் நிக்கிறவரிடம் மட்டும் கேட்பதில்லை எண்டது ஒரு அரசியல் முடிவு.

அந்த முடிவு மட்டும் போதுமா? போதாது. இங்கிலாந்தில் செய்த ஆய்வுகளின்படி, வறிய பகுதி ஆக்களுக்கும் ஓட்டம் நடக்கும் பூங்கா தூரமில்லை. ஆனாலும் அவர்கள் வாறது குறைவு. சனிக்கிழமையும் வேலை, பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, 'இது எங்களுக்கான இடமோ' எண்ட தயக்கம். இதெல்லாம் கட்டணத்தை எடுத்துவிட்டால் தானாகப் போகிற தடைகள் இல்லை.

13 பேர் பெரிய கூட்டமாக வளர்ந்தது ஒரு சாதனைதான். அடுத்த இருபது வருசத்துக்கான கேள்வி வேற: இன்னும் வராமல் இருக்கிறது ஆர், ஏன்?