எண்ணப்படாத 2உம் 3உம்



2024 செப்டெம்பர் 22ஆம் திகதி இரண்டாம் கணக்கெடுப்பு என்று தேர்தல் ஆணைக்குழு அறிவித்தபோது, எண்ணியதையே மறுபடி எண்ணுகிறார்கள் என்றுதான் எங்களில் பலர் நினைத்தோம். அது அப்படியல்ல.

1978 அரசியலமைப்பின்படி, ஜனாதிபதியாக வருபவர் செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேல் பெற வேண்டும். எவரும் பெறாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் வாக்குச்சீட்டுகளில் 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேரும். இல்லாவிட்டால் 3ஐப் பார்ப்பார்கள். 1982 முதல் 2019 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் இதற்குத் தேவை வரவில்லை. இலங்கைக்கு இது புதிதுமல்ல. 1971இல் ஒழிக்கப்பட்ட பழைய செனற் சபையின் 30 பேரில் 15 பேரை, பாராளுமன்ற உறுப்பினர்கள் விருப்பு வரிசை இட்டே தெரிவு செய்தார்கள்.

2005ஐ எடுப்போம். மகிந்த ராஜபக்ச பெற்றது 50.29 வீதம். அரைவாசிக் கோட்டை அவர் தாண்டியது வெறும் 28,632 வாக்குகளால். அந்த முறை யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவு செய்திருந்தவர்கள் 701,938 பேர்; புறக்கணிப்பு அழைப்புக்கும் அச்சத்துக்கும் நடுவில் வாக்களித்தவர்கள் 8,524 பேர். மிச்சப் பேரில் ஒரு பகுதியினர் வேறு வேட்பாளர்களுக்கு வாக்களித்திருந்தாலே முடிவு வேறாகியிருக்கலாம், அல்லது இரண்டாம் கணக்கெடுப்பு அன்றைக்கே வந்திருக்கும்.

2024இல் அநுர குமார திசாநாயக்க 5,634,915. சஜித் பிரேமதாச 4,363,035. நீக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்தவை ஏறக்குறைய 33 இலட்சம். அவற்றிலிருந்து அநுரவுக்கு 105,264உம் சஜித்துக்கு 167,867உம் மட்டுமே சேர்ந்தன. மிச்சம் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் இறுதித் தெரிவில் ஒன்றும் பேசவில்லை. இருவருக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தைப் போல அவை இரண்டு மடங்குக்கும் அதிகம். எங்கள் மாவட்டத்தில் அரியநேத்திரனுக்கு 116,688 பேரும் ரணிலுக்கு 84,558 பேரும் வாக்களித்திருந்தார்கள். அந்தச் சீட்டுகளில் எத்தனையில் 2 இருந்திருக்கும்?

"ரெண்டாவது போட்டா நம்ம ஆளுக்குத் துரோகம்" என்று சிலர் சொல்கிறார்கள். அது பிழை. உங்கள் முதல் ஆள் போட்டியில் நிற்கும் வரை 2ஐ எவரும் பார்ப்பதே இல்லை. அவர் நீக்கப்பட்ட பிறகுதான் அது கண் திறக்கும். தனியே ஒரு புள்ளடி போட்டால் முதல் வாக்கு செல்லும். ஆனால் அதற்குப் பிறகு சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

1990இல் காங்கேசன்துறைச் சனமும் யாழ்ப்பாண முஸ்லிம்களும் வெவ்வேறு வழியில் ஊரை இழந்தோம். திரும்பி வந்து வாக்காளர் இடாப்பில் பெயரைச் சேர்க்க நாங்கள் அலைந்த அலைச்சல் எங்களுக்குத்தான் தெரியும். அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற சீட்டில் மூன்று இலக்கம் எழுத ஒரு நிமிடம் போதும்.

அடுத்த முறை வீட்டில் முதல் தடவை வாக்களிக்கும் பிள்ளைகளுக்கு 1, 2, 3 எழுதும் முறையைச் சொல்லிக் கொடுங்கள். உம்மா, வாப்பாவுக்கும் சேர்த்துத்தான்.