மண ஏற்பிகள்

மூக்குக் குழியின் மேற்பகுதியில் உள்ள நரம்பணுக்களின் படலத்தில் பதிந்திருக்கும் புரதங்கள். காற்றில் வரும் மண மூலக்கூறுகள் சளியில் கரைந்து இவற்றின் குழிவில் ஒட்டும்போது நரம்பணுவில் மின்குறிப்பு எழுகிறது. மனிதரிடம் இவை ஏறத்தாழ 400 வகை. சுண்டெலியிடம் 1,000க்கும் மேல். பொதுவாக ஒரு நரம்பணுவில் ஒரே வகை ஏற்பிதான் இருக்கும்.

இந்த 400ஐ வைத்துக்கொண்டு எண்ணற்ற மணங்களைப் பிரித்தறிவது எப்படி? ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இசையும். ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். ஆகவே, பூட்டும் சாவியும் என்ற பாடநூல் உவமை இங்கே பாதிதான் பொருந்தும். எந்தெந்த ஏற்பிகள், எவ்வளவு வலுவாகத் தூண்டப்படுகின்றன என்ற கூட்டுதான் மணத்தின் அடையாளம். மூலக்கூறின் வடிவம் சற்றே மாறினாலும் அந்தக் கூட்டு மாறிவிடும். கார்வோன் என்ற சேர்மத்தின் இரு ஆடிப்பிம்ப வடிவங்களில் ஒன்று ஸ்பியர்மின்ட் புதினாவாகவும் மற்றது சீமைச் சோம்பாகவும் மணப்பது இதனால்தான்.

இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991இல் வெளிப்படுத்தினர். 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மண மூலக்கூறு பிணைந்த நிலையில் மனித ஏற்பி ஒன்றின் முப்பரிமாண அமைப்பு 2023இல்தான் வெளியானது.